ஆப் போதும், ஒரு போர்ட் பண்ணுங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் கொடுக்கிற சீசன் வந்தாச்சு. அட்டெண்டன்ஸ் ஆப், பார்க்கிங் ஆப், செடிக்குத் தண்ணி ஊத்துற ஐஓடி. உங்க கிளாஸ் லிஸ்ட்டும் இப்படித்தான் இருக்கும். அதுல ஒரு டீமாவது, ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை வேற ஒரு ப்ராசஸருக்குக் கொண்டுபோய் ஓட வைக்கணும்னு நான் சொல்றேன். அதாவது, போர்ட்டிங்.

"அதெல்லாம் பெரிய கம்பெனி வேலை"ன்னு நினைக்காதீங்க. 1977-ல யூனிக்ஸ் பிடிபி-11-ஐ விட்டு வேற மெஷினுக்குப் போனப்போ, அதை முதல்ல செஞ்ச இடங்கள்ல ஒண்ணு ஆஸ்திரேலியாவோட வொல்லன்காங் பல்கலைக்கழகம். 1991-ல லினக்ஸை அறிவிச்சப்போ, இது 386-க்குன்னே எழுதினது, வேற மெஷினுக்குப் போகாதுன்னு டோர்வால்ட்ஸே சொல்லியிருந்தார். 1995-ல அது டெக் ஆல்ஃபாவுல ஓடுச்சு. இன்னிக்கு கெர்னல்ல ப்ராசஸரைச் சார்ந்த கோடு 'ஆர்ச்' ஃபோல்டர்ல தனியா இருக்கு. ட்ராப் வந்தா எங்க குதிக்கணும், ரெஜிஸ்டர்களை எப்படிச் சேமிக்கணும், பேஜ் டேபிள் எப்படி இருக்கணும், இதெல்லாம் அங்கதான். மீதி பெரும்பகுதி எல்லா ப்ராசஸருக்கும் பொது.

போர்ட் பண்ணும்போதுதான், அதிர்ஷ்டத்துல ஓடிட்டிருந்த கோடு எதுன்னு தெரியும். ஃபைல் படிக்கிற லூப்ல கெட்சார் கொடுக்கிறதை 'இன்ட்'ல வாங்காம 'சார்'ல வாங்கினா, எக்ஸ்86-ல சாதாரணமா ஓடிடும். ஏன்னா அங்க சார் மைனஸ் மதிப்பையும் பிடிக்கும். ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ்ல சார் அன்சைன்டு. ஃபைல் முடிஞ்சதும் வர்ற -1 அங்க 255 ஆயிடும். லூப் முடியவே முடியாது. ரெண்டு கோர் பேசிக்கிற இடத்துல பேரியர் போட மறந்தாலும் இதே கதைதான். ஒரு கோர் எழுதுறதை எக்ஸ்86 மத்த கோருக்கு வரிசை மாறாம காட்டும். ரிஸ்க்-ஃபைவ்ல அந்த உத்தரவாதம் இல்ல. ஓஎஸ் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணின எதுவும் இதைச் சொல்லித் தராது.

இதுல நமக்கு என்ன? ஐஐடி மெட்ராஸ் உருவாக்கின சக்தி ப்ராசஸர் ரிஸ்க்-ஃபைவ்தான். 2018-லயே சக்தி சிப்ல லினக்ஸ் பூட் ஆச்சு. நாம ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினோம். ஆனா பூட் ஆறது ஆரம்பம் மட்டும்தான். அது மேல டேட்டாபேஸ், பிரவுசர், வீடியோ டிகோடர்னு ஒவ்வொண்ணும் சரியா, வேகமா ஓடணும். 2025-ல டெபியன் 13 வந்தப்போதான் அதுல ரிஸ்க்-ஃபைவுக்கு முதல்முறையா அதிகாரபூர்வ ஆதரவு கிடைச்சது. சாஃப்ட்வேர் இல்லாத சிப்பை யாரும் வாங்க மாட்டாங்க. அந்த வேலையைச் செய்ய ஆள் வேணும். வருஷத்துக்கு இத்தனை இன்ஜினியர் வெளிய வர்ற ஊர்ல அது நாமளா இருக்கக் கூடாதா?

ஒரு செமஸ்டர்ல முழு லினக்ஸைப் போர்ட் பண்ண முடியாது, ஒத்துக்கிறேன். எக்ஸ்வி6-ஐ எடுங்க. எம்ஐடி பாடம் நடத்த எழுதின குட்டி யூனிக்ஸ், பத்தாயிரம் வரிக்குள்ளதான். எக்ஸ்86-ல இருந்ததை 2019-ல அவங்களே ரிஸ்க்-ஃபைவுக்கு மாத்தினாங்க. நீங்க அதை 64 பிட் ஆர்முக்கு மாத்துங்க. ஏற்கெனவே யாராவது செஞ்சிருந்தா? அட்டெண்டன்ஸ் ஆப்பை யாரும் செய்யலையா என்ன! போர்டு வாங்கக் காசும் வேண்டாம், லேப்டாப்ல க்யூஎமு போதும்.

ரிவ்யூல காட்ட கறுப்புத் திரையும் ஒரு ஷெல் ப்ராம்ப்ட்டும் மட்டும்தான் இருக்கும். "யூஐ எங்கப்பா?"ன்னு கேப்பாங்க. அந்த ப்ராம்ப்ட் வர்றதுக்குள்ள என்னென்ன நடந்துச்சுன்னு நீங்க வரி வரியா சொல்லலாம். காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கினவங்களால அது முடியாது. ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னாடி டீம்ல பேசிப் பாருங்க.