வராத பணத்துக்கு மீதிச் சில்லறை

எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்காவுக்குப் போன மாதம் ஒரு மதியம் போன் வந்தது. "அக்கா, பிளவுஸ் தைக்க அட்வான்ஸ் 800 போட்டேன். தப்பா ஒரு சைபர் கூட விழுந்துடுச்சு. 8,000 வந்திருக்கா பாருங்க. ஆஸ்பத்திரியில நிக்கிறேன், மீதியைக் கொஞ்சம் சீக்கிரம் போட்டு விடுங்கக்கா."

பார்த்தால், 8,000 வரவு என்று மெசேஜ் நிற்கிறது. அடுத்தவர் காசு நமக்கெதற்கு என்று 7,200 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டார். பாக்கியைப் பார்த்தது சாயங்காலம்தான். 8,000 வரவே இல்லை.

பேராசைக்காரர்தான் ஏமாறுவார் என்பது பழைய கணக்கு. 'இன்று இரவு 9.30க்குக் கரண்ட் கட்' என்று வந்த மெசேஜ்கள் பயத்தைப் பிடித்தன. இது நாணயத்தையே பிடிக்கிறது.

அக்காவுக்கு அந்த வரவு மெசேஜ் வந்தது ஒரு பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து. வங்கி அப்படி அனுப்பாது. எண் இருக்கவேண்டிய இடத்தில் வங்கியின் பெயர்ச்சுருக்கம் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2025இல் கொண்டுவந்த மாற்றத்தால், அதன் கடைசியில் ஒரு கோடும் 'எஸ்' அல்லது 'டி' என்ற எழுத்தும் சேர்ந்து வரும், விளம்பரமானால் 'பி'. இதெல்லாம் மனதில் நிற்காவிட்டால் போகட்டும், பாக்கியைப் பாருங்கள். பாக்கி பார்க்கவும் பணம் அனுப்பவும்தான் பின் நம்பர். நமக்குப் பணம் வர அது வேண்டவே வேண்டாம். நிஜமாகவே தவறி வந்த பணமானாலும், அனுப்பியவர் தன் வங்கியில் முறையிடட்டும். போனில் அவசரப்படுத்துகிறவருக்கு நாம் உடனே அனுப்ப வேண்டியதில்லை.

வங்கிகள்மீதும் நமக்கு ஒரு வருத்தம் உண்டு. அக்காவுக்கு வரும் வங்கி மெசேஜ் எல்லாம் ஆங்கிலம். அவர் படிப்பது தொகையை மட்டும்தான். திருடன் அனுப்பியதும் அதே ஆங்கிலம், அதே தொகை. தமிழில் கணக்குப் படிவம் வாங்கிக்கொள்ளும் வங்கிக்குத் தமிழில் நான்கு வரி அனுப்ப என்ன தடை?

பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால், முடக்கி வைக்க வழியுண்டு. அக்கா சொல்லவில்லை. வீட்டுக்காரர் திட்டுவாரென்று மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் நாங்கள்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தோம். புகார் பதிவாகிவிட்டது. 7,200 இன்னும் வரவில்லை.