சுற்றுப்படத்தில் துரு இல்லை

எங்கள் குடியிருப்பில் ஓர் அண்ணன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். ஜெர்மனியில் 1980களில் தயாரானது, இரண்டே கதவு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். சென்ற மாதம் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

“டீச்சர், இடது பக்கக் கண்ணாடி சூடாகவே இல்ல. பட்டறையில மீட்டர் வச்சுப் பார்த்தாங்க. 12 வோல்ட் வருது, வயர் நல்லாத்தான் இருக்கு, கண்ணாடிதான் போச்சுன்னு புதுசு மாட்டினாங்க. அதுவும் சூடாகல. மீட்டர் பொய் சொல்லுமா?”

பக்கக் கண்ணாடி எதற்குச் சூடாக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். குளிர்நாடுகளில் அதன் மேல் படியும் உறைபனியை உருக்குவதற்காக வந்த வசதி அது. பினாங்கில் உறைபனி இல்லைதான். ஆனால் அடைமழையில் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் இடது ஓரமாகவே வரும். இடது கண்ணாடியில் நீர்த்துளிகள் அப்பியிருந்தால் பின்னால் வருவது யார் என்றே தெரியாது. கண்ணாடியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய மின்தடைத் தகடு சூடானால் துளிகள் சீக்கிரம் உலரும், ஆவியும் படியாது.

கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “வலது கண்ணாடி?” அது நன்றாகவே சூடாகிறதாம். அந்தக் காரில் இரண்டு கண்ணாடிகளும் ஒரே ஃபியூஸ், ஒரே ரிலே, ஒரே சுவிட்சுக்குப் பின் பக்க இணைப்பில் பிரிகின்றன. வலது வேலை செய்தால் அந்த மூன்றும் நலம். கோளாறு பிரிவுக்குப் பின், இடது கதவுக்குப் போகும் கிளையில்தான் இருக்க வேண்டும். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று நாம் மனப்பாடம் செய்யும் பாடம் இங்கே பாதி வேலையைக் கை படாமலே முடித்துவிட்டது.

இனி அந்த 12 வோல்ட். அந்தப் பட்டறையில் கண்ணாடியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, வெறும் முனைகளில் மீட்டரை வைத்திருக்கிறார்கள். பழைய கண்ணாடியை அளந்தேன்: 8 ஓம். கெட்டுப்போகவே இல்லை. 12 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் 1.5 ஆம்பியர் ஓடும், 18 வாட் வெப்பம் வரும். இப்போது கம்பியில் ஓரிடம் துருப்பிடித்து, அங்கே 1000 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை ஏறக்குறைய 1 கோடி ஓம். அதன் முன் 1000 ஓம் ஒன்றுமே இல்லை. ஆகவே மீட்டர் 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் 8 ஓம் கண்ணாடியை மாட்டுங்கள். மொத்தத் தடை 1008 ஓம். கண்ணாடிக்குக் கிடைப்பது 0.1 வோல்ட்கூட இல்லை! மீதி எல்லாம் துருவின் மேல் விழுந்துவிடுகிறது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. மின்னோட்டமே ஓடாதபோது மின்னழுத்தம் எவ்வளவு என்று கேட்டார்கள், அதற்கு அது சரியான பதில் சொன்னது. கேள்விதான் தவறு.

துருவின் தடை 1000 ஓம் கூட வேண்டாம், 8 ஓம் போதும். கண்ணாடிக்கு 6 வோல்ட்தான் போகும். வெப்பம் பாதியாகும் என்று நினைக்காதீர்கள். மின்னழுத்தமும் பாதி, மின்னோட்டமும் பாதி, ஆகவே வெப்பம் கால் பங்கு: 4.5 வாட். தொட்டால் ‘ஏதோ லேசாகச் சுடுகிறதே’ என்று நம்மை ஏமாற்றும் அளவு.

பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, மின்னோட்டம் ஓட வேண்டிய நிலையிலேயே அளந்தோம். முதல் தடவை எல்லாமே சுழியம். அண்ணன் முகம் வாடிவிட்டது. பிறகுதான் நினைவு வந்தது: பல கார்களில் இந்தச் சூடேற்றி பின் கண்ணாடிச் சூடேற்றியோடு சேர்ந்தே இயங்கும், சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ரிலே அணைந்திருக்கிறது. மறுபடி போட்டோம். பிளக்கின் நேர்முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே ஏறக்குறைய 12 வோல்ட். எதிர்முனைக்கும் உடலுக்கும் இடையே? சுழியம் வர வேண்டிய இடத்தில் அங்கேயும் கிட்டத்தட்ட 12.

அப்படியானால் வரும் வழி சரி, திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஜெர்மன் கார்களில் திரும்பும் கம்பி பழுப்பு நிறம். கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயை நகர்த்திப் பார்த்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை என்று வைத்தாலும் 35 ஆண்டுகளில் அந்தக் கதவு 51,100 தடவை திறந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பி மடங்கி நிமிர்ந்திருக்கிறது. மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, இரு நுனிகளுக்கும் நடுவே பச்சைப் பொடி. நம் ஊர்க் கடற்காற்றும் ஈரமும் செம்புக்குச் செய்யும் வேலை அது.

ஒரு சாண் கம்பியும் கொஞ்சம் ஈயமும் போதுமாக இருந்தது. அண்ணன் அதற்குள் புதுக் கண்ணாடிக்கு 400 வெள்ளிக்கு மேல் கொடுத்துவிட்டார்.

பட்டறைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் படித்த பாடத்தைத்தானே நானும் நடத்துகிறேன்? படிவம் 2 அறிவியலிலும் படிவம் 5 இயற்பியலிலும் மின்சுற்று வருகிறது. ‘ரிந்தாங்கான்’, ‘வோல்தான்’ என்று மலாயில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறீர்கள். ஆனால் அந்தப் படங்களில் எல்லாக் கம்பியும் நேர்க்கோடு, எல்லா இணைப்பும் சுத்தம். துருப்பிடித்த சுற்று ஒன்றைக்கூட நாங்கள் உங்களிடம் கொடுப்பதில்லை. ஆய்வகத்தில் பல்பு எரியவில்லை என்றால் நானே ஓடி வந்து வேறு செட்டை வைத்துவிடுவேன். நேரம் இல்லை, பாடத்திட்டம் முடிய வேண்டும் என்பது என் சாக்கு. உண்மையில், எரியாத அந்தப் பல்புதான் அன்றைய பாடமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த விதியைத் தந்த ஜியார்க் சைமன் ஓமும் ஒரு பள்ளி ஆசிரியர்தான், ஜெர்மனியின் கொலோன் நகரில். 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறு. அவருடைய மின்கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்க எடுக்க அதன் மின்னழுத்தம் தள்ளாடியது. அதைவிட்டு, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கும் வெப்ப மின்னிரட்டையை வைத்து மறுபடி அளந்தார். 1827இல் அவர் புத்தகம் வந்தது. அந்த முதல் தவறு நம் பாடநூலில் இல்லை, வெறும் சூத்திரம்தான் இருக்கிறது.

நம் தீவுக்கு இது வெறும் பள்ளிக்கூட விஷயமும் அல்ல. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்த நாள் முதல் அங்கே சில்லுகளைப் பொருத்துகிறார்கள், சோதிக்கிறார்கள். எது கெட்டது, எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே பலருக்குச் சம்பளம் தரும் வேலை. உங்களில் சிலருடைய அம்மா அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதை இருபது வயதுக்கு மேல் தொழிற்சாலையில்தான் கற்க வேண்டுமா?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒரு தவணைக்கு ஒரு பாடவேளை. ஆசிரியர் சுற்றில் ஒரு கோளாறை ஒளித்து வைக்க வேண்டும்: உள்ளே அறுந்த கம்பி, வார்னிஷ் பூசிய முனை, தளர்ந்த திருகு. மாணவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததற்கு மட்டும் அல்ல, எதை முதலில் அளந்தார், ஏன் அளந்தார் என்று எழுதியதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இதை மின்கல அடுக்கில் செய்யுங்கள், வீட்டுச் சுவர் பிளக்கில் ஒருபோதும் வேண்டாம். கார் பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியமும் வேண்டாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரமும் வளையலும் நொடியில் பழுத்துவிடும்.

அண்ணன் அந்தப் பழைய கண்ணாடியை எங்கள் ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் படிவம் 3 மாணவர்களிடம் அதைக் கொடுக்கப் போகிறேன். கம்பியில் எங்கே கத்தி வைத்திருக்கிறேன் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள்.