போர் என்று சொன்னால் கேள்வி ஓய்ந்துவிடாது

ஹைதராபாத் தேசிய போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்த ஐபிஎஸ் அதிகாரிகளிடம் 2021 நவம்பரில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவல் பேசியதை வெறும் மேடைப் பேச்சென்று ஒதுக்க முடியாது. போரின் புதிய களம் குடிமைச் சமூகம்தான், அதை விலைக்கு வாங்கலாம், பிளக்கலாம், நாட்டின் நலனுக்கு எதிராக ஆட்டிவைக்கலாம் என்றார். ஜனநாயகத்தின் சாரம் வாக்குப்பெட்டியில் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இயற்றும் சட்டங்களில் இருக்கிறது என்பது அவர் வைத்த இன்னொரு வாதம். இரண்டாவதை அவர் உண்மையிலேயே நம்பியிருந்தால் முதலாவதைச் சொல்லியிருக்கவே முடியாது.

அவர் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் படைவீரர்கள் அல்லர். விரைவில் மாவட்டங்களில் பொறுப்பேற்கவிருந்த இளம் போலீஸ் அதிகாரிகள். மணல் லாரியை மறிக்கும் ஊர்க்காரர்களும், காவல் நிலையத்தில் செத்த மகனின் உடலை வாங்க மறுக்கும் தாயும், அவளுக்கு மனு எழுதித் தரும் வழக்கறிஞரும்தான் அவர்கள் அன்றாடம் சந்திக்கப்போகும் குடிமைச் சமூகம். போலீஸ் ஒருவரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அவருக்கு உரிமைகள் உண்டு. தீர்ப்பு வரும்வரை அவர் நிரபராதி. போர்க்களத்தில் எதிரே நிற்பவனுக்கு அந்தக் காப்பு கிடையாது. இந்த வேறுபாட்டை அழித்த ஒரு பாடத்தைச் சொல்லி இளைஞர்களைக் காக்கிச் சட்டையோடு ஊருக்குள் அனுப்புவது, அந்த ஊர்களுக்கு இழைக்கும் கொடுமை.

அதே நவம்பர் 22 அன்று, ஸ்ரீநகரில் மனித உரிமைச் செயற்பாட்டாளர் குர்ரம் பர்வேஸை ஊபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ கைது செய்தது. அந்தப் பேச்சினால்தான் இந்தக் கைது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொள்கை எப்படிப்பட்ட மனிதரை எதிரியாக்குகிறது என்பதை அறிய அவர் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். 2004 நாடாளுமன்றத் தேர்தலைக் கண்காணிக்க குப்வாரா போனபோது வெடித்த கண்ணிவெடியில் அவர் ஒரு காலை இழந்தார். உடன் சென்ற ஆசியா ஜீலானி இறந்துபோனார். வாக்குப்பெட்டிக்காகக் காலைக் கொடுத்தவர் அவர். பிறகு அவருடைய அமைப்பு, காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு சேர்ந்து, வடக்குக் காஷ்மீரின் பெயரற்ற புதைகுழிகளைப் பதிவுசெய்தது. 2011இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் போலீஸ் பிரிவே விசாரித்து, 38 இடங்களில் அடையாளம் தெரியாத 2,156 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்தது. அவை யாருடைய உடல்கள் என்று பிள்ளையைத் தேடும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது அரசின் கடமை. அரசு செய்தது வேறு. 2016இல் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட பர்வேஸை டெல்லி விமான நிலையத்தில் தடுத்தார்கள். பிறகு பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். அந்தத் தடுப்புக்காவல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே, 76 நாள் கழித்து, வெளியே விட்டார்கள். உடல்களைக் கணக்கெடுத்த ஆணையம் 2019இல் மூடப்பட்டது.

சட்டத்தில்தான் ஜனநாயகம் இருக்கிறது என்கிறார் தோவல். திருச்சி பக்கம் விராகலூரில் பிறந்து ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி கேட்டது சட்டத்தைத்தான். அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை சொல்லும் பழங்குடி ஆலோசனைக் குழுக்கள் ஏன் இயங்கவில்லை? கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் என்ன ஆயிற்று? நக்சல் என்று முத்திரை குத்தப்பட்ட ஆதிவாசி இளைஞர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகவே கிடக்கிறார்கள்? இதற்காக அவர் உயர் நீதிமன்றத்துக்கும் போனார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறைவேற்று என்றவரை, பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய 83 வயதில், பீமா கோரேகான் சதி வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு அவர் போட்ட மனுவுக்குப் பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று கைதியாகவே மருத்துவமனையில் இறந்தார். அவர் மீதான வழக்கின் விசாரணை தொடங்கவே இல்லை.

இப்படிக் கேள்வி கேட்பவர்களை இயக்குவது அந்நியப் பணம் என்ற குற்றச்சாட்டு காங்கிரஸ் காலத்திலிருந்தே வருகிறது. கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது 2012இல் மன்மோகன் சிங்கும் இதையே சொன்னார். இடிந்தகரையில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. சரி, அந்நியப் பணம் அவ்வளவு ஆபத்தானதா? வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கி, வெளிநாட்டு நிதிச் சட்டத்தைக் காங்கிரசும் பாஜகவும் மீறின என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை எதுவும் வரவில்லை. நிதி மசோதாக்களுக்குள் திருத்தத்தைச் செருகி, 2018இல் அதை 1976 வரை பின்தேதியிட்டுத் தங்களைத் தப்புவித்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டாண்டில், 2020இல், தொண்டு நிறுவனங்களுக்கு அதே சட்டத்தை இறுக்கினார்கள்: ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு நிதி பகிரக் கூடாது, நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்க வேண்டும், வெளிநாட்டு நிதியைப் பெறும் கணக்கு டெல்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளையில்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிப் பேச இவர்களில் எவருக்கும் தகுதி இல்லை.

கைதானவர்கள் குற்றமற்றவர்கள் என்றால் நீதிமன்றம் ஏன் ஜாமீன் தரவில்லை என்று தோவலின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். ஊபா சட்டத்தின் 43டி(5) பிரிவு அப்படி எழுதப்பட்டிருப்பதால்தான். போலீஸ் தரும் தாள்களில் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோல் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. சான்றுகளை ஆழமாக உரசிப்பார்க்கவும் அந்தக் கட்டத்தில் இடமில்லை. 2016 முதல் 2019 வரை இந்தச் சட்டத்தில் 5,922 பேர் கைதானார்கள், 132 பேருக்குத் தண்டனை கிடைத்தது என்று அரசே மாநிலங்களவையில் சொன்னது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனுக்கும் சுதீர் தாவலேவுக்கும் 2025 ஜனவரியில் ஜாமீன் கிடைத்தபோது ஆறரை ஆண்டு ஓடியிருந்தது, குற்றச்சாட்டுகள்கூட வனையப்படவில்லை.

அதே ரோனா வில்சனின் கணினியில் சதிக் கடிதங்களை வெளியிலிருந்து யாரோ நுழைத்திருக்கிறார்கள் என்று, குற்றம்சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் அணுகிய ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. ஸ்டான் சுவாமியின் கணினியிலும் அதுவே நடந்தது என்று 2022இல் சொன்னது. போலீஸ் அந்தக் கணினியைக் கைப்பற்றியது 2019 ஜூன் 12. ஊடுருவியவர் தன் தடயங்களை அழிக்க முயன்றது அதற்கு முந்தைய நாள். சோதனைக்குப் போலீஸ் வரப்போவது அவருக்கு எப்படித் தெரிந்தது? குற்றப்பத்திரிகையில் இல்லாத அறிக்கை என்று சொல்லி என்ஐஏ அதை ஏற்க மறுத்தது. குடிமைச் சமூகத்தை ஆட்டிவைக்கலாம் என்று இளம் அதிகாரிகளை எச்சரித்த தோவல், இந்தக் கணினி ஊடுருவலைச் செய்தது யார் என்று முதலில் சொல்லட்டும்.