புட்டி மருந்தும் பரீட்சையும்

சுமார் 30,000 விதமான உயிர்த்தூண்டிகள் தணிக்கை ஏதுமின்றித் தேசமெங்கும் விற்கப்பட்டு வந்தன என்று மத்திய விவசாய மந்திரி ஸ்ரீ சிவராஜ் சிங் சௌஹான் 2025 ஜூலையில் பகிரங்கமாகச் சொன்னார். கண்டிப்புச் செய்தபின் அத்தொகை ஏறக்குறைய 650 ஆகச் சுருங்கிவிட்டதென்றும் அவரே தெரிவித்தார். மந்திரியின் கண்டிப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் மறைந்துபோன 29,000-க்கு மேற்பட்ட சரக்குகளில் இருந்தது என்ன? அவற்றிற்கு விலை கொடுத்த குடியானவர்களுக்கு யார் ஜவாப் சொல்வது? இக்கேள்விகளைக் கேட்கத் திருநெல்வேலிச் சீமையாருக்கு விசேஷ பாத்தியதை உண்டு.

தாமிரபரணி பாயும் நாட்டில் வறட்சியைப் பற்றிப் பேசுவது வெளியூராருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் இந்நதி இரு பருவமழைகளாலும் நிறைவது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைக் கார் நெல்லுக்கும் பிசான நெல்லுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. ஆயினும் நதி நெல்லுக்கு உற்ற துணையே தவிர, காய்கறிக்கு அவ்வளவாக அன்று. கத்தரியும் வெண்டையும் தக்காளியும் சின்ன வெங்காயமும் ஆலங்குளம், பாவூர்சத்திரம், மானூர், நான்குநேரிப் பக்கங்களில் பெரும்பாலும் கிணற்றையும் குளத்தையும் நம்பியே விளைகின்றன. 2016-ம் வருஷம் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரி 10-ந் தேதி ராஜ்யத்தின் எல்லா ஜில்லாக்களும் வறட்சியுற்றவை என்று அறிவிக்கப்பட்டபோது அக்கிணறுகள் இருந்த நிலையைக் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பஞ்சம் வந்தால்தான் வறட்சி என்பதுமில்லை. பூக்கும் தருணத்தில் பத்து நாள் கிணறு கைவிட்டாற் போதும். தக்காளி பூவை உதிர்த்துவிடும். அதன்பின் மழை பெய்து என்ன, பெய்யாமல் என்ன?

அந்தத் தருணத்தில்தான் உரக்கடையில் புட்டி வெளியே வருகிறது. விஞ்ஞானிகள் உயிர்த்தூண்டி என்று அழைப்பதைக் குடியானவர்கள் ‘டானிக்’ என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். அது பயிருக்கு ஆகாரமுமன்று, பூச்சிக்கு விஷமுமன்று. தாகமுற்ற செடி இலையின் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் வெளியேறுவது குறைகிறது. கூடவே கரியமில வாயு உட்புகுவதும் தடைப்பட்டு உணவு தயாரிப்பு நின்றுபோகிறது. வெயிலோ குறைவதில்லை. செலவழிய வழியற்ற அவ்வொளி, இலைக்குள் செல்களை அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. கடற்பாசிச் சாறும், ஹியூமிக் அமிலமும், அமினோ அமிலங்களும், சில நுண்ணுயிர்களும் இந்த அரிப்பைத் தடுக்கும் செடியின் சொந்தச் சக்தியை முன்கூட்டி எழுப்பவும், வேர் ஆழமாக ஓடவும் உதவக்கூடும்.

இதில் நமது சொந்த விஞ்ஞானத்தின் பங்கும் சிறிதல்ல. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இலையின்மேல் வாழும் இளஞ்சிவப்பு நிற பாக்டீரியா ஒன்றை, 1 சதவீதக் கரைசலாக வறட்சிக் காலத்தில் தெளிக்கும்படி சிபாரிசு செய்கிறார்கள். இலை வெளிவிடும் மெத்தனாலை உண்டு, சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருளை இலைக்கே திருப்பித் தரும் உயிர் அது. வாடகை ஒழுங்காகக் கொடுக்கும் குடித்தனக்காரர் என்று சொல்லலாம்! மண்டபம் கடற்கரையில் மூங்கில் தெப்பங்களில் வளரும் கப்பாஃபைகஸ் பாசியைப் பச்சையாக நசுக்கிச் சாறெடுக்கும் முறையை, பவநகர் மத்திய உப்பு மற்றும் கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தார்கள். (அந்தப் பாசி நம் கடலுக்கு அந்நியமானது, குருசடைத் தீவருகே பவளப் பாறைகளின்மேல் படர்ந்ததென்ற புகாரையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.) ஆகவே டானிக்குகள் யாவும் மோசடி என்ற கட்சியில் நாம் சேரமாட்டோம். பல தேசங்களின் 180 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான ஆராய்ச்சி, இவற்றால் விளைச்சல் சராசரி 17.9 சதவீதம் உயர்ந்ததாகவும், வறண்ட பிரதேசங்களிலும் காய்கறிகளிலும் பலன் அதிகமென்றும் கூறுகிறது. எனினும் தோற்றுப்போன பரீட்சைகளைப் பிரசுரிக்க யாரும் அவசரப்படுவதில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைப்பது நல்லது.

மேலும் சராசரி என்பது மானூர்க் கரிசலுக்கும் ராதாபுரத்துச் செம்மணலுக்கும் ஒருசேரப் பொருந்தாது. அரை ஈரமாவது உள்ள நிலத்தில், வாட்டம் காணுமுன் தெளித்தால் செடி சில தினங்கள் தாக்குப்பிடிக்கலாம். வேரடி மண் வெடித்தபின் தெளிப்பது பிணத்துக்கு வைத்தியம். சொட்டு நீரும், பாத்தியில் சருகு மூடாக்கும் செய்யும் நன்மையை எந்தப் புட்டியும் செய்துவிடாது. வெள்ளநீரை வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுசெல்லும் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு கால்வாய் 2009-ல் தொடங்கி 2025 பிப்ரவரியில்தான் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு கால்வாய்க்குப் பதினாறு வருஷம்! சர்க்கார் தண்ணீர் தரத் தாமதிக்கும் காலமெல்லாம் வியாபாரி மருந்து தரத் தயாராக இருக்கிறார்.

2021 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் உரக் கட்டுப்பாட்டு உத்தரவைத் திருத்தி, உயிர்த்தூண்டிகளையும் அதற்குள் கொண்டுவந்தனர். பயிர்ப் பரீட்சை முடிவும் நச்சுத்தன்மைச் சோதனையும் வேண்டும், பூச்சிமருந்து 0.01 பி.பி.எம்.முக்கு மேல் கலந்திருக்கலாகாது என்பன நல்ல விதிகள். ஆனால் தாற்காலிகச் சான்றின்பேரில் விற்கும் சலுகை தவணை தவணையாக நீண்டு 2025 ஜூனில்தான் முடிந்தது. நான்கு வருஷங்களில் எத்தனை கோடை! யூரியா கேட்டு வருபவர் தலையில் இப்புட்டிகளையும் கட்டுகிறார்கள் என்ற புகாரை மந்திரியே எடுத்துரைத்து, முதல் மந்திரிகளுக்கு எழுதினார். கடைக்காரரிடமே கடன் வைத்திருக்கும் இரண்டு ஏக்கர்க் குடியானவர் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வார்? அடுத்த உர மூட்டைக்கும் அவர் அதே கடைக்குத்தானே போகவேண்டும்?

வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில், தாமிரபரணிப் பக்கமே, விவசாயக் கல்லூரி ஒன்று 1984 முதல் இருக்கிறது. அந்நியக் கப்பலுக்கு எதிராக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரனாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்று ஜில்லாக்களிலும் விற்பனையாகும் ஒவ்வொரு உயிர்த்தூண்டியையும் அக்கல்லூரியார் குடியானவர் நிலத்திலேயே, அதே கிணற்று நீரில், தெளித்த பாத்தியையும் வெறும் நீர் தெளித்த பாத்தியையும் அருகருகே வைத்துப் பரீட்சிக்க வேண்டும். செலவு ராஜ்ய சர்க்காருடையதாக இருக்கட்டும். கம்பெனிகளின் பணம் அதில் ஒரு காசும் சேரலாகாது. பலித்தது எது, பலிக்காதது எது, ஏக்கருக்குச் செலவென்ன, வரவென்ன என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு உரக்கடை வாசலிலும் ஒட்ட வேண்டும். வற்புறுத்தி விற்கும் கடையின் லைசென்ஸ் ரத்தாக வேண்டும். மூன்று ஜில்லாச் சட்டசபை அங்கத்தினர்களும் கட்சிபேதமின்றி இதற்கென ஒரு தொகையை அடுத்த விவசாய பட்ஜெட்டிலேயே கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர் யார் என்பதைக் காய்கறிக் குடியானவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.