சாலமன் லிண்டாவின் சிங்கம்



'லயன் கிங்' படத்தில் டிமோனும் பும்பாவும் காட்டுக்குள் நடந்தபடி பாடுவார்களே, சிங்கம் உறங்கும் பாட்டு, அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்கம். 1961-இல் நியூயார்க்கின் 'டோக்கன்ஸ்' குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு அது. ஆனால் அதன் தாய்வீடு தென்னாப்பிரிக்கா.

சாலமன் லிண்டா நேட்டால் பகுதியைச் சேர்ந்த ஜூலு இளைஞர். சிறுவயதில் மாடு மேய்த்தவர். மந்தைக்குக் காவல் இருந்து சிங்கத்தை விரட்டிய அந்த நாள்களே பாட்டின் கரு என்பார்கள். பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவருக்கு காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது. அதே நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், 1939-இல், தம் 'ஈவினிங் பேர்ட்ஸ்' குழுவோடு அவர் பாடியதுதான் 'எம்பூபே'. சிங்கம் என்று பொருள்.

கூட்டாளிகள் கனத்த குரலில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, லிண்டா மட்டும் மேல்ஸ்தாயியில் தனியே அலைகிறார். மூன்றாவது முறை பதிவு செய்யும்போது, பாட்டு முடியப்போகிற நேரத்தில், அதுவரை பாடாத ஒரு மெட்டு அவர் தொண்டையிலிருந்து தானாகப் புறப்பட்டது. சில விநாடிகள்தான். பின்னாளில் உலகமே முணுமுணுத்தது அந்த மெட்டைத்தான். பழைய பதிவு கிடைத்தால் கேளுங்கள். டோக்கன்ஸ் பாடியது அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது என்பது என் கட்சி.

உரிமைக்காக அவர் கைக்கு வந்தது 10 ஷில்லிங் என்கிறார்கள். இசைத்தட்டு அமெரிக்காவில் பாடகர் பீட் சீகரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை ஊர்ப் பாட்டு என்றே நினைத்தார். அவருடைய 'வீவர்ஸ்' குழு பாடி வெளியிட்டபோது, இயற்றியவர் பெயர் பால் கேம்பெல் என்று அச்சானது. அப்படி ஓர் ஆளே கிடையாது. அந்தக் குழு தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அது! இல்லாத ஆளுக்குப் பெயர், இருந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. விவரம் தெரிந்த பிறகு சீகர் 1,000 டாலர் அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1962-இல் லிண்டா ஏழையாகவே இறந்தார். 2000-இல் பத்திரிகையாளர் ரியன் மாலன் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் விரிவாக எழுதியதும் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கு நடந்து, 2006-இல் சமரசமாகி, மகள்களுக்குப் பங்கு கிடைத்தது. ஒரு பத்திரிகைக் கட்டுரை இவ்வளவு செய்திருக்கிறது என்பதில், ஆசிரியர் நாற்காலியில் இருப்பவனுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

இந்த இதழிலிருந்து, எந்தப் பாட்டைப் பற்றி எழுதினாலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூவரின் பெயரையும் சேர்த்தே வெளியிடப்போகிறோம். 'நாட்டுப்பாடல்' என்று போட்டுவிட்டு நகர்வது இனி இல்லை. உங்கள் ஊரில் நடவிலோ கோயில் கொடையிலோ பாடும் பாட்டை இன்னார் கட்டினார் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், அந்தப் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்