மஸ்ராவில் சம்பளமில்லாத வேலை

"வெளிநாட்டில் இயற்கை விவசாயப் பண்ணைக்குப் போய் வேலை செய்தால் சாப்பாடும் தங்க இடமும் இலவசமாமே, போகலாமா?" படிப்பை முடித்துவிட்டு முதுகுப் பையோடு ஊர் சுற்றக் கிளம்பும் நம்ம வளைகுடாப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் இது என்ன ஏற்பாடு என்று பார்ப்போம். 1971-இல் லண்டனில் சூ காப்பார்ட் என்ற பெண், நகரத்து ஆட்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைகளில் போய் வேலை செய்ய ஒரு வழி செய்தார். அதுதான் இன்று 'வூஃப்' என்ற பெயரில் பல நாடுகளில் இருக்கிறது. நீங்கள் ஒரு நாளில் பாதிப் பொழுது பண்ணை வேலை செய்வீர்கள். பண்ணைக்காரர் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, வேலையும் சொல்லித் தருவார். காசு கைமாறாது.

இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். "இதுக்காடா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்பார் அப்பா. அவர் கோபத்தை நான் பழமைவாதம் என்று தள்ளமாட்டேன். நம் அப்பா, சித்தப்பா தலைமுறையில் பலர் வயலை விட்டுத்தான் இங்கே விமானம் ஏறினார்கள். மஸ்ரா வேலை என்ற சொல்லே அவர்களுக்குப் பயம். ஆபீஸ் வேலை என்று சொல்லிக் கூட்டி வந்து பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பென்யாமின் 2008-இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவலும், 2024-இல் வந்த அதன் படமும் அப்படிப்பட்ட ஒரு மனிதரின் கதைதான்.

கொஞ்சம் யோசியுங்கள். அந்த மனிதருக்கும் கிடைத்தது ஏதோ ஒரு சாப்பாடு, படுக்க ஓர் இடம். சம்பளம் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் தன்னார்வலரின் ஒப்பந்தமும் இதுதான். எது இரண்டையும் பிரிக்கிறது? தன்னார்வலரின் பாஸ்போர்ட் அவர் பையிலேயே இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் நாளைக் காலை அவர் கிளம்பிவிடலாம். ஊரில் அவர் பணத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. அனுபவம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்தச் சுதந்திரத்தின் மேல் நிற்கிறது. அதை மறந்துவிட்டு, "நானும் விவசாயியாக வாழ்ந்து பார்த்தேன்" என்று படம் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

நான் போனது ஜார்ஜியாவின் ககேத்தி பகுதியில் ஒரு சிறு பண்ணைக்கு. திராட்சை அறுவடைக் காலம், மூன்று வாரம். நான் போனபோது அமீரக ரெசிடென்ஸ் இருந்ததால் தனி விசா கேட்கவில்லை. முதல் வாரம் முழுக்க இடுப்பு வலி. பக்கத்து வரிசையில் கூலிக்கு வந்த கிராமத்துப் பெண்கள் இரண்டு கூடை நிரப்பும்போது நான் ஒன்றைக்கூட முடித்திருக்க மாட்டேன். மருந்து அடிக்காத தோட்டத்தில் களையை யாராவது குனிந்து கையால் பிடுங்க வேண்டும் என்பது அங்கேதான் உடம்பில் ஏறியது. இயற்கைத் தக்காளி ஏன் விலை அதிகம் என்று இப்போது நான் கடையில் கேட்பதில்லை.

போகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன்.

ஒன்று, விசா. சம்பளம் வாங்கவில்லை, அதனால் இது வேலை இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நியூசிலாந்தில் உழைப்புக்குப் பதில் சாப்பாடும் தங்குமிடமும் பெற்றாலே அது வேலைதான். டூரிஸ்ட் விசாவில் செய்யக் கூடாது. எந்த நாடானாலும் போவதற்கு முன் அதன் தூதரகத்தில் கேளுங்கள். இங்கே அமீரகத்திலும் அனுமதி இல்லாமல் வேலை செய்வது சட்டப்படி குற்றம். விசிட்டில் வரும் உறவுக்காரத் தம்பியிடமும் சொல்லி வையுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நம் ரெசிடென்ஸ் ரத்தாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டு, யாருடைய கூலி. நீங்கள் சும்மா செய்யும் வேலையால் உள்ளூரில் ஒருவருக்குக் கூலி போகிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஆண்டு விடுமுறை விசாவுக்குக் கிராமப்புற வேலை காட்ட வேண்டும். அதில் சம்பளமில்லாத பண்ணை வேலையை 2015-இல் நீக்கிவிட்டார்கள். விசா ஆசை காட்டி இளைஞர்களைச் சுரண்டினார்கள் என்பதுதான் காரணம். கற்றுக்கொடுக்க நேரமில்லாமல் எட்டு மணி நேரம் பழம் பறிக்கச் சொல்லும் பண்ணைக்குத் தேவை தன்னார்வலர் அல்ல, கூலியாள். அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மூன்று, முதலில் நம் ஊர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அங்கே விசா தொல்லையே இல்லை. ஆரோவில்லில் 2003-இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்டில் வறண்ட நிலத்தைக் காடாக்கும் வேலைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் இருக்கிறது. வேளாண்மை படித்த அவர், கோவில்பட்டியில் அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1969-இல் உதறிவிட்டு, 2013-இல் இறக்கும்வரை விவசாயிகளோடு நடந்தவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப்போகும் விவசாயி அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு இல்லாத கொடுக்கல் வாங்கல் நமக்குப் புதிதல்ல. அங்கே தாத்தா பாட்டிகளோடு தமிழிலேயே பேசிக் கற்கலாம்.

மஸ்ரா என்றால் நம் பெற்றோருக்கு வேறு வழியில்லாதவர்கள் போகும் இடம். நமக்கு அது விரும்பிப் போகும் இடமாக மாறியிருப்பது அவர்கள் இங்கே வெயிலில் நின்று வாங்கிக் கொடுத்த சுதந்திரத்தால்தான். அதைப் பயன்படுத்துங்கள். திரும்பி வந்தபின், அல் ஐன் போகும் வழியில் பேரீச்சைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி நான்கு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர், சம்பளம் ஒழுங்காக வருகிறதா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது இங்கே சட்டவிரோதம். அது தெரியாத ஒருவருக்கு நீங்கள் சொன்னால், மூன்று வாரம் களை பிடுங்கியதைவிட அது பெரிய தொண்டு.