பகடிவதை: சட்டங்கள் இருந்தும் புகார்கள் எழாதது ஏன்? மும்பைக் கல்லூரிகள் முன் நிற்கும் கேள்வி

மும்பை: கல்லூரிச் சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் 'ராகிங்' எனப்படும் பகடிவதைக்கு எதிரான உறுதிமொழியை ஆண்டுதோறும் அளிக்கின்றனர். கல்லூரி வாயில்களில் எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்படுகின்றன. இலவச உதவி எண்ணும் உள்ளது. இவ்வளவுக்குப் பின்னரும் 2022 முதல் 2024 வரையிலான மூன்று ஆண்டுகளில் நாட்டில் பகடிவதையுடன் தொடர்புடைய 51 உயிரிழப்புகள் நேர்ந்துள்ளதாக, கல்வி நிலைய வன்முறைக்கு எதிரான தன்னார்வ அமைப்பு ஒன்று 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

அதே காலத்தில் தேசிய உதவி எண்ணுக்கு 1,946 கல்லூரிகளிலிருந்து 3,156 புகார்கள் வந்துள்ளன. மொத்த மாணவர்களில் 1.1 சதவீதத்தினரே மருத்துவக் கல்லூரிகளில் பயில்கின்றனர். ஆனால் புகார்களில் 38.6 சதவீதமும் உயிரிழப்புகளில் 45.1 சதவீதமும் அக்கல்லூரிகளைச் சேர்ந்தவை என்கிறது அந்த அறிக்கை.

சட்டம் இல்லாததால் இந்நிலை ஏற்படவில்லை. சட்டத்தை இயக்கவேண்டிய முதல் புகார், பாதிக்கப்பட்டவரின் எதிர்காலத்தைத் தம் கையில் வைத்திருப்பவர்களைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் தடைப்படுகின்றன.

சுனாபட்டியைச் சூழ்ந்த கல்லூரிகள்

மும்பைத் தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. சுனாபட்டியிலிருந்து சில கிலோமீட்டர் சுற்றளவில் சயான் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி, சோமையா மருத்துவக் கல்லூரி, மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. பொறியியல் நிறுவனம், ரசாயனத் தொழில்நுட்பக் கழகம், ருயியா, போதார் கல்லூரிகள், தேவ்னாரின் டாடா சமூக அறிவியல் கழகம் எனப் பல உயர்கல்வி நிறுவனங்கள் அமைந்துள்ளன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இக்கல்லூரிகளை நம்பியே உயர்கல்விக்குள் நுழைகின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் தலைமுறையினர்.

பகடிவதை என்பதன் பொருளும் விரிந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் தனது விதிமுறைகளைத் திருத்தியது. சாதி, சமயம், நிறம், பாலினம், பிறந்த இடம், வசிக்கும் இடம், மொழி அடையாளம், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றின் பெயரால் ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் பகடிவதையே என்று அத்திருத்தம் வரையறுத்தது. தாராவியில் வசிப்பதையோ, பேச்சில் தமிழ்ச் சாயல் இருப்பதையோ காரணமாக்கி ஒரு மாணவரைத் தொடர்ந்து இழிவுபடுத்தினால் அதுவும் இந்த வரையறைக்குள் அடங்கும்.

நாயர் மருத்துவமனை வழக்கு

மும்பையை உலுக்கிய வழக்கு 2019 மே மாதத்தைச் சேர்ந்தது. மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் மருத்துவமனையுடன் இணைந்த டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு பயின்று வந்த 26 வயது மருத்துவர் பாயல் தட்வி, மே 22 அன்று விடுதி அறையில் உயிரிழந்த நிலையில் காணப்பட்டார். ஜல்காவ் மாவட்டத்தைச் சேர்ந்த அவர், தட்வி பில் பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்தவர்.

மூத்த மருத்துவ மாணவியர் மூவர் அவரைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்தியதாகவும் பணியிடத்தில் தொடர்ந்து துன்புறுத்தியதாகவும் குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். மூவரும் கைது செய்யப்பட்டனர். தற்கொலைக்குத் தூண்டுதல், பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மகாராஷ்டிர பகடிவதைத் தடைச் சட்டம் ஆகியவற்றின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. குற்றச்சாட்டுகளை மூவரும் மறுத்தனர். 2019 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அவர்களுக்குப் பிணை வழங்கியது. 2020 அக்டோபரில், அதே கல்லூரியில் படிப்பைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

துன்புறுத்தல் குறித்து முன்னரே துறையினரிடம் முறையிட்டும் பயன் கிடைக்கவில்லை என்று குடும்பத்தினர் கூறியதே இவ்வழக்கில் கல்லூரிகள் கருதவேண்டிய பகுதியாகும். மருத்துவ மேற்படிப்பில் மூத்தவர் வெறும் மூத்த மாணவர் அல்லர். எந்த நோயாளியைப் பார்ப்பது, எந்த அறுவைச் சிகிச்சையில் கலந்துகொள்வது, எத்தனை மணி நேரம் பணி செய்வது என்பனவற்றை நாள்தோறும் அவரே தீர்மானிக்கிறார். அவர்மீது புகார் கூறும் இளைய மருத்துவர், மறுநாள் காலை அதே பணிப் பிரிவில் அவர்கீழ் நின்றாக வேண்டும்.

பாயல் தட்வியின் தாயும், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016இல் உயிர்நீத்த ரோகித் வெமுலாவின் தாயும் கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி 2019இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவ்வழக்கின் தொடர்ச்சியாக மானியக் குழு 2026 ஜனவரியில் புதிய சமத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. அம்மாதமே அவற்றை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், 2012ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருந்த பகடிவதை பற்றிய குறிப்பு புதியவற்றில் விடுபட்டது ஏன் என்பதையும் ஆராயவேண்டிய கேள்விகளுள் ஒன்றாக வைத்தது.

சட்டங்கள் பிறந்த வரலாறு

பகடிவதைக்கு எதிரான சட்டங்களின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு முக்கிய இடமுண்டு. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, 1996 நவம்பரில் மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். அதன் விளைவாகத் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1997இல் பகடிவதைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாவரசு வழக்கில் 1998இல் அமர்வு நீதிமன்றம் வழங்கிய தண்டனையை 2001இல் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதிசெய்தது. நீதி முற்றுப்பெற ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின.

இலங்கையிலும் இதே வரிசை காணப்படுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1997இல் தமிழ்ப் பொறியியல் மாணவர் ஒருவர் பகடிவதையால் உயிரிழந்ததை அடுத்து, 1998இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

மகாராஷ்டிரத்தின் சட்டம் 1999இல் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளிக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கல்வி நிலையத்திலும் சேர முடியாது.

ஹிமாசலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் 2009 மார்ச்சில் முதலாண்டு மாணவர் அமன் கச்ரு தாக்கப்பட்டு உயிரிழந்தார். உச்ச நீதிமன்றத்தின் தலையீடும், மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007இல் அளித்த பரிந்துரைகளும் சேர்ந்து, 2009 ஜூனில் மானியக் குழுவின் விதிமுறைகளாக உருப்பெற்றன.

'எழுத்துபூர்வமாக' என்ற ஒரு சொல்

மகாராஷ்டிரச் சட்டத்தின்படி மாணவரோ பெற்றோரோ ஆசிரியரோ எழுத்துபூர்வமாகப் புகார் அளித்தால், கல்லூரித் தலைவர் ஏழு நாள்களுக்குள் விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குற்றம்சாட்டப்பட்ட மாணவரை இடைநீக்கம் செய்து, புகாரைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அவரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார்.

பிரிவு கடுமையானதே. ஆனால் அதன் சாவி 'எழுத்துபூர்வமாக' என்ற சொல்லில் இருக்கிறது. அச்சத்தில் இருக்கும் மாணவர் வாய்மொழியாகக் கூறுவார். தாய் தொலைபேசியில் அழுவார். தந்தை நேரில் வந்து கெஞ்சுவார். இவற்றுள் எதுவும் தாளில் ஏறாதவரை கல்லூரித் தலைவரின் சட்டக் கடமை தொடங்குவதில்லை. 'எழுதிக் கொடுத்தால் பிள்ளையின் படிப்பு கெடும்' என்ற அறிவுரையே பெற்றோருக்கு முதலில் கிடைத்தால், சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்.

2009ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறைகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பின. எவ்வகையில் தகவல் கிடைத்தாலும், குற்றம் நிகழ்ந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன.

காவலரே அச்சுறுத்தலானால்

அண்மைக்கால வழக்குகள் மற்றொரு சிக்கலையும் காட்டுகின்றன. கேரளத்தின் வயநாடு மாவட்டம் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2024 பிப்ரவரியில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், விடுதியில் கடுமையாகத் தாக்கப்பட்ட பின் உயிரிழந்து கிடந்தார். குற்றம்சாட்டப்பட்டோரில் கல்லூரி மாணவர் பேரவைத் தலைவரும் மாணவர் அமைப்பின் கிளை நிர்வாகிகளும் இருந்தனர். பல்கலைக்கழகத் துணைவேந்தர் இடைநீக்கம் செய்யப்பட்டார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

கோட்டயம் அரசு செவிலியர் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை மாதக்கணக்கில் துன்புறுத்தியதாக 2025 பிப்ரவரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐவர் கைதாயினர். அவர்களுள் ஒருவர் செவிலிய மாணவர் சங்கத்தின் மாநிலப் பொறுப்பாளர். கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் 2023 ஆகஸ்டில் முதலாண்டு மாணவர் மாடியிலிருந்து விழுந்து இறந்த வழக்கில், படிப்பை முடித்த பின்னும் விடுதியில் தங்கியிருந்த முன்னாள் மாணவரும் கைது செய்யப்பட்டார்.

மாணவர் சங்கம் இயல்பாகவே மாணவரின் குறைகளைக் கேட்கும் இடமாகும். அதன் நிர்வாகிகளே அச்சுறுத்தலின் மூலமாகும்போது, பாதிக்கப்பட்டவருக்கு வளாகத்துக்குள் செல்ல இடமில்லை. சங்கங்களைத் தடைசெய்வது இதற்குத் தீர்வாகாது. தடை அவற்றை மறைவில் இயங்கச் செய்யும். சங்கப் பொறுப்பும் விடுதி அதிகாரமும் ஒரே கையில் குவியாமல் தடுப்பதும், பொறுப்பில் இருப்பவரைத் தவறுக்கு விடைகூறச் செய்வதுமே தேவை.

மும்பையில் பெரும்பாலான கல்லூரிகள் பகல்நேரக் கல்லூரிகள். விடுதிகள் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிட முடியாது. விழாக் குழுக்கள், நாடகக் குழுக்கள், விளையாட்டு அணிகள் ஆகியவற்றிலும் மூத்தோர், இளையோர் என்ற படிநிலை உண்டு. கைப்பேசி வழியே அந்த அதிகாரம் வீடுவரை நீள்கிறது. மூத்த மாணவர்கள் வாட்ஸ்அப் குழுக்களை உருவாக்கி இளையோரைத் துன்புறுத்துவதும் பகடிவதையாகக் கருதப்படும் என மானியக் குழு 2025 ஜூலையில் எச்சரித்தது இதனாலேயே.

தடுக்கும் வழிகள்

தேவையான கருவிகள் பலவும் 2009 விதிமுறைகளிலேயே உள்ளன. முதல் மூன்று மாதங்களில் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை, முதலாண்டு மாணவரிடம் பெயர் குறிப்பிடாத ஆய்வு நடத்த வேண்டும். ஆறு புதிய மாணவருக்கு ஒரு மூத்த வழிகாட்டி அமர்த்தப்பட வேண்டும். தடுப்புக் குழுவில் ஆசிரியர்களோடு காவல் துறை, உள்ளூர் ஊடகம், தன்னார்வ அமைப்புகள், பெற்றோர், முதலாண்டு மாணவர் ஆகியோரின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

இவற்றுள் பெயரற்ற ஆய்வே மிகப் பயனுள்ளது. புகார் எழுதும் துணிவு இல்லாதவரும் ஒரு வினாத்தாளில் குறியிட முடியும். யாரையும் காட்டிக்கொடுக்காமலேயே எந்த விடுதியில், எந்தக் குழுவில் தவறு நடக்கிறது என்பதை நிர்வாகம் அறிய அது வழிசெய்கிறது. அவ்வாறு அறிந்த நிர்வாகம், 'எங்களுக்குப் புகார் வரவில்லை' என்று கூறித் தப்பவும் இயலாது.

நடைமுறை வேறாக உள்ளது. உறுதிமொழிப் பத்திரங்களைக்கூட முறையாகப் பெறவில்லை என்று 2025 ஜூனில் 89 உயர்கல்வி நிறுவனங்களுக்கு மானியக் குழு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அப்பட்டியலில் ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எம்.களும் இருந்தன.

வெளிப்படைத்தன்மையும் குறைவு. கல்லூரிகள் அனுப்பும் அறிக்கைகள் பல்கலைக்கழகத்துக்குச் செல்கின்றனவேயன்றிப் பெற்றோர் பார்வைக்கு வருவதில்லை. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் சட்டமான புதிய விதி, பகடிவதையில் ஈடுபட்டதாகக் கண்டறியப்பட்ட மாணவர் அமைப்புகளின் பெயர்களைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைத்து, எந்த அமைப்பில் என்ன நிகழ்ந்தது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை இந்தியக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் வெளியிடலாம்.

மாணவர் தற்கொலைகளைத் தடுப்பதற்காக, முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்தது. பகடிவதையும் பாகுபாடும் அதன் ஆய்வுக்கு உட்பட்டவை.

பெற்றோர் அறியவேண்டியவை

புகாரை வாய்மொழியோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெறுவது முதற்கடமை. புகாரை மாணவரே எழுத வேண்டியதில்லை. பெற்றோர் எழுதினாலும் மகாராஷ்டிரச் சட்டம் அதை ஏற்கிறது. கல்லூரித் தலைவர் ஏழு நாள்களில் விசாரிக்காவிட்டால், அந்த ஒப்புகையே அவருக்கு எதிரான சான்றாகும். குறுஞ்செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருப்பது அவசியம்.

கல்லூரிக்குள் நம்பிக்கை இல்லாதவர்கள் 1800-180-5522 என்ற 24 மணி நேரத் தேசிய உதவி எண்ணையோ, நேரடியாகக் காவல் நிலையத்தையோ அணுகலாம். மன உளைச்சலில் இருப்போர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம்.

சிதம்பரம் முதல் நாயர் மருத்துவமனை வரை பெரும்பாலும் ஒவ்வோர் உயிரிழப்புக்குப் பின்னரே ஒரு சட்டமோ விதியோ வழக்கோ வந்துள்ளது. உயிரிழப்புக்கு முன்னரே செவிசாய்க்கும் ஏற்பாடும் விதிகளில் எழுதப்பட்டுள்ளது. பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை நடத்தவேண்டிய அந்த ஆய்வைத் தங்கள் பிள்ளைகளின் கல்லூரி நடத்துகிறதா என்று சேர்க்கை நாளிலேயே கேட்கும் உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு.